மலை ஏறிய பிள்ளைகள்

ஸோஜி லா கணவாயைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடுகின்றன. அந்தப் பக்கம் காஷ்மீரின் பச்சை. இந்தப் பக்கம் வெறும் கல்லும் மண்ணும் வானமும்தான். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 140 கி.மீ. வந்தால் டிராஸ். பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே போனால் இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஊருக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் இருக்கிறது கார்கில் போர் நினைவிடம். அதன் பின்னால், கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய உயரத்தில் டோலோலிங் மலை.

வரைபடத்தைப் பார்த்துப் புரியாத விஷயம் இங்கே வந்து நின்றால் புரிந்துவிடுகிறது. உச்சியில் இருப்பவனுக்குச் சாலை முழுவதும் தெரியும். 1999 கோடையில் அங்கே பாகிஸ்தான் படையினர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே போகும் ஒவ்வொரு லாரியும் அவர்கள் கண்ணில் பட்டது. லடாக்கின் உயிர்நாடியான சாலை மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அவர்களை விரட்ட வேண்டுமானால் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் சரிவில் மறைந்துகொள்ளப் பாறைகளைத் தவிர வேறெதுவும் கிடையாது. எனவே இருட்டில் ஏறினார்கள். மூச்சு முட்டும் அந்த உயரத்தில், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் கூடுதலாகச் சுமந்தபடி ஏறினார்கள். மூன்று வாரப் போராட்டத்துக்கும் பல உயிர்களுக்கும் பிறகு, ஜூன் 13 அன்று டோலோலிங் மீண்டும் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஏறியவர்கள் யார்? நினைவிடத்தின் சுவரில் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் போரில் உயிரிழந்த இந்திய வீரர்கள் 527 பேர் என்பது அரசுக் கணக்கு. பெயர்களைப் படிக்கும்போது உறைக்காத ஒன்று வயதைக் கேட்டதும் உறைக்கிறது. பாயின்ட் 4875இல் இறந்த கேப்டன் விக்ரம் பாத்ராவுக்கு 24 வயது. காலுபாரில் இறந்த லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே தனது 24ஆவது பிறந்த நாளைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டைகர் ஹில்லில் உடம்பெல்லாம் குண்டுக் காயங்களோடு பிழைத்துவந்து பரம்வீர் சக்ரா பெற்ற கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது 19தான். நம் வீடுகளில் அந்த வயதுப் பையனை இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே அனுப்ப யோசிப்போம்.

கேப்டன் விஜயந்த் தாப்பரின் வயது 22. பணியில் சேர்ந்து ஆறே மாதம். ராணுவக் குடும்பம், சென்னைக்கு அருகே ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் பெயரைத்தான் தந்தை மகனுக்கு வைத்தார். ஜூன் 28 இரவு, நல்ல நிலா வெளிச்சத்தில், அவரது படைப்பிரிவு டோலோலிங்குக்கு அப்பாலுள்ள ஒரு முகட்டைத் தாக்கியது. புறப்படும் முன், தான் திரும்பாவிட்டால் வீட்டில் சேர்க்கும்படி ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார். அதில் வீர வசனங்களைவிட அவர் விட்டுச்சென்ற பொறுப்புகள்தான் மனதில் நிற்கின்றன. உடலில் உதவக்கூடிய உறுப்புகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அநாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள். குப்வாராவில் தான் பழகிய, தந்தையை இழந்த ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் தொடர்ந்து கொடுங்கள். முடிந்தால் நாங்கள் போரிட்ட இடத்தை வந்து பாருங்கள். அன்றிரவு அவர் இறந்தார். ஓய்வுபெற்ற கர்னலான தந்தை, மகன் கேட்டபடி பல ஆண்டுகளாக இந்த மலைக்கு வந்து போயிருக்கிறார்.

இதே போரில், படாலிக் பகுதியில், தமிழகத்தின் மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று ஜுபார் மலைமீது இறந்தார். வயது 26. எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேர் கீழே கிடந்த உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

பெருமைப்படுவது எளிது. டிராஸில் நிற்கும்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது: இவர்கள் ஏன் ஏற வேண்டிவந்தது? குளிர்காலத்தில் உச்சிக் காவல் நிலைகளைக் காலி செய்துவிட்டு இறங்குவது அக்கால வழக்கம். அந்த இடைவெளியில் எதிரி ஏறிவிட்டான். மே மாதத் தொடக்கத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. நிலைமையறிய ரோந்து போன 22 வயது லெப்டினன்ட் சௌரப் காலியாவும் ஐந்து ஜவான்களும் பிடிபட்டார்கள். ஜூன் 9 அன்று சிதைக்கப்பட்ட உடல்களாகத் திரும்பினார்கள். ஊடுருவல் அரசு, ராணுவம், உளவுத் துறை அனைவருக்கும் முழு அதிர்ச்சியாக அமைந்தது என்று கே. சுப்பிரமணியம் தலைமையிலான ஆய்வுக் குழு பின்னர் சொன்னது. பெரியவர்கள் கவனிக்கத் தவறியதைச் சின்னப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சரிசெய்தார்கள். அவர்கள் கணக்குக் கேட்கவில்லை. கேட்பது நம் வேலை. அதைச் செய்வது அவர்களுக்குக் காட்டும் மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது அந்த உச்சிகளில் குளிர்காலத்திலும் காவல் உண்டு. கீழே நாம் ஜூலை 26 அன்று விஜய் திவஸ் கொண்டாடிவிட்டு மறக்கும்போதும் மேலே யாரோ ஒரு பையன் விழித்திருக்கிறான்.

நினைவிடத்தில் பயணிகளுக்குப் போர்க் கதை சொல்ல ஒரு ஜவான் இருக்கிறார். மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. போர் நடந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். கதை முடிகிறது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் சற்று நேரம் அமைதியாக நின்றுவிட்டுக் கலைகிறது. வாசலில் அடுத்த பஸ் வந்து நிற்கிறது. ஜவான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மலையை நோக்கிக் கையை நீட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.