அவர் சொன்னால் சரிதான்

ஜூன் 3, 2025, செவ்வாய்

முகூர்த்தப் பட்டு எடுக்க அக்காவும் அவள் மகளும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவையைப் பார்த்ததும் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. தோளில் போட்டுப் போட்டோ எடுத்து, கட்டிக்கொள்ளப் போகிற பையனுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. புடவையை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் வேறு இரண்டு பேரைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் அப்படியே நின்றிருந்தாள். கடைசியில் ஒரு வரி வந்தது: "உன் டேஸ்ட் இவ்வளவுதானா?"

"அவர் சொல்றது சரிதான் சித்தி, எனக்குக் கலர் சென்ஸே கிடையாது" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடக் கோலப் போட்டியில் வண்ணத்துக்காகவே பரிசு வாங்கியவள் இவள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஜூன் 4, புதன்

ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தோம். நிச்சயமான புதிதில் அவன் எப்படி இருந்தான் என்று சொல்லும்போது அவள் குரலே மாறிவிடுகிறது. பிறந்த நாளுக்கு நடுராத்திரி பெங்களூரிலிருந்து சென்னைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தானாம். காய்ச்சல் என்றால் அங்கிருந்தே ரசம் சாதம் ஆர்டர் போட்டு அனுப்புவானாம். உன்னைப் போல் ஒருத்தி பிறந்ததே இல்லை என்பானாம். பிறகு ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததால் அவன் போனை இவள் எடுக்கவில்லை. இரண்டு நாள் பேச்சே இல்லை. அழுது மன்னிப்புக் கேட்ட பிறகு பழையபடி கொஞ்சல். அதற்குப் பிறகு இதே கதை எத்தனையோ முறை.

"முதல்ல இருந்த மாதிரி மறுபடி ஆயிடுவார் சித்தி. நான்தான் ஒழுங்கா நடந்துக்கணும்."

அவள் கட்டிக்கொள்ளப் போவது அந்த முதல் சில மாதங்களை. இப்போதுள்ள ஆளை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இவன் ஏதோ தற்காலிகம், இவள் தப்பால் வந்தவன், அவ்வளவுதான். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், தானியம் எப்போது விழும் என்று தெரியாத புறாக்கள்தான் சலிக்காமல் கொத்திக்கொண்டிருந்தன. தானியம் நின்ற பிறகும் அவை சுலபத்தில் விடவில்லை. எப்போதோ ஒருமுறை கிடைக்கும் அன்பு, எப்போதும் கிடைக்கும் அன்பைவிட ஆளைக் கட்டிப்போடுகிறது.

ஜூன் 6, வெள்ளி

பிரான்சுவாஸ் ஜீலோ இறந்து இன்றோடு இரண்டு வருஷம். பிக்காசோவோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்று அவளிடம் கொடுத்தேன்.

1943இல் பாரிசில் சந்தித்தபோது ஜீலோவுக்கு 21 வயது, பிக்காசோவுக்கு 61. ஜீலோவும் ஓவியர்தான். எதிரே இருந்தவரோ உலகமே கும்பிட்டுக்கொண்டிருந்த மேதை. பெண்களை அவர் தேவதை, கால்மிதி என்று இரண்டே வகையாகத்தான் பார்த்தார் என்பது ஜீலோ பதிவு செய்திருக்கும் விஷயம். எனக்கு அதில் கால்மிதியைவிட தேவதைதான் பயமாக இருக்கிறது. தேவதைக்குச் சலிப்பு வரக்கூடாது, கோபம் வரக்கூடாது, மீட்டிங் இருக்கக்கூடாது. அந்தப் பீடத்திலிருந்து ஒரு படி இறங்கினாலும் கால்மிதிதான். சாதாரண மனுஷியாக உட்கார இடையில் ஒரு நாற்காலி கிடையாது.

1953இல் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஜீலோ வெளியேறினார். 1964இல் புத்தகம் வந்ததும் அதைத் தடுக்க பிக்காசோ நீதிமன்றம் போனார், தோற்றார். அந்தக் கோபத்தில் பெற்ற பிள்ளைகளையே பார்க்க மறுத்துவிட்டார். பிரபல கலைஞர்கள் பலரும் அவர் பக்கம் நின்று ஜீலோவைக் கண்டித்தார்கள். ஓர் ஆளைச் சிகரத்தில் வைத்துவிட்டால் அவர் செய்ததைப் பார்க்க ஊருக்கே கண் தெரியாமல் போகிறது. ஜீலோ 101 வயது வரை வாழ்ந்தார், வரைந்துகொண்டே இருந்தார்.

பிக்காசோ இறந்த பிறகு, அவரோடு வாழ்ந்தவர்களில் இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத் விடுமுறை. காலையில் காபி டம்ளரோடு வந்து, "அவர் நார்சிசிஸ்டா சித்தி?" என்று கேட்டாள். ரீல்ஸில் பார்த்தாளாம்.

தெரியாது என்றேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் அது ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. இப்போது ஒன்பது அறிகுறிகள் சொல்கிறார்கள். குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதுவும் நீண்ட காலப் போக்காக. மருத்துவர் நேரில் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டியதை நாம் போன் மெசேஜை வைத்துச் சொல்ல முடியாது. அவன் நோயாளியா என்ற ஆராய்ச்சியில் இறங்கினால், பிறகு குணப்படுத்தும் வேலையும் இவள் தலையில்தான் விழும்.

ஓவிட் கதையைச் சொன்னேன். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிய நார்சிசஸை எல்லோருக்கும் தெரியும். அவனை விரும்பிய எக்கோவை யாரும் நினைப்பதில்லை. சொந்தமாக ஒரு வார்த்தை பேச அவளால் முடியாது. பிறர் பேச்சின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல மட்டுமே முடியும். கடைசியில் உடம்பு கரைந்து குரல் மட்டும் மிஞ்சுகிறது. "அவனை விடு. உன் குரல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாரு" என்றேன். காபியை ஆறவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவிடம் பேசினேன். "தங்கமான பையன். குடி இல்லை, சிகரெட் இல்லை. கை நீட்டினானா? இல்லையே?" என்கிறாள். கல்யாணச் சந்தையில் இந்தப் பட்டியல் தேறினால் போதும், நாமே அவனுக்கு ஒளிவட்டம் போட்டுவிடுகிறோம். சொல்லாலும் மனதாலும் செய்யும் கொடுமையும் வன்முறைதான் என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமே சொல்கிறது. வீடுகள் இன்னும் கன்னத்தில் விரல் தடத்தைத்தான் தேடுகின்றன.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: செவ்வாய்க்கிழமை கல்லூரித் தோழிக்கு வளைகாப்பு, அவன் போக வேண்டாம் என்கிறான், போகப் போகிறாளாம். சண்டை போடாமல், விளக்கம் கொடுக்காமல், போகிறேன் என்று மட்டும் சொல்வாளாம். நல்ல யோசனை. பிரியத்தைச் சோதிக்கப் பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். சின்னதாக ஒரு "முடியாது" போதும்.

ஜூன் 11, புதன்

நேற்று வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தாள். அவன் அவளைக் கூப்பிடவே இல்லை. நேராக மாமாவுக்கு, அவள் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறான். "உங்க பொண்ணுக்கு மனசு சரியில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி நல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க." போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அக்கா முழுதும் கேட்டுவிட்டாள். மாமா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது போனை வாங்கி, "எங்க பொண்ணை எங்களுக்குத் தெரியும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

இன்று மத்தியானம் அவள் என்னிடம் பேசினாள். அழவில்லை. "நான் வேண்டாம்னு சொன்னா அப்பாவுக்கு எவ்வளவு சித்தி நஷ்டமாகும்?" என்றாள். மண்டப அட்வான்ஸ், பத்திரிகை, சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம் என்று இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தோம். மாமா கொஞ்ச நாளில் சம்பாதித்துவிடக்கூடிய தொகைதான்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் கும்பகோணம் போகிறேன். பையன் வீட்டாரை நேரில் பார்க்க மாமாவுக்குத் துணையாக நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.