கூறும் புள்ளியும்

தீபாவளிக் கறிக்கு எங்கள் தெருவில் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வீடு பணம் போட்டு ஒரு வெள்ளாட்டுக் கிடாய் பிடித்து வருவார்கள். பங்குக்கறி. அரிமளத்துப் பிள்ளைகளான எங்களுக்கு வெடியைவிட அதுதான் வேடிக்கை. விடிவதற்குள் புளியமரத்தடியில் சாக்கு விரித்து, வாழையிலை போட்டு, கூறு வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். தராசு கிடையாது. தொடைக்கறி ஒரு சுற்று, நெஞ்செலும்பு ஒரு சுற்று, ஈரல் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சுற்று என்று எல்லாக் கூறிலும் எல்லாம் விழவேண்டும். "அந்த மூணாவது கூறு மெலிவா இருக்குதுப்பா" என்று யாராவது சொல்வார்கள். பக்கத்துக் கூறிலிருந்து ஒரு துண்டு இடம் மாறும். குந்தியிருக்கும் அத்தனை பேர் கண்ணும் அந்தத் துண்டோடு போய்த் திரும்பும்.

அதற்கப்புறம்தான் எனக்கு வேலை. என்னை மரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார்கள். பின்னால் ஒருவர் ஏதோ ஒரு கூறைக் குச்சியால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். வாயில் வந்த வீட்டுப் பேரைச் சொல்வேன். கூறு வைத்தவரே ஆனாலும் நல்லதைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்ள வழியில்லை. பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் துளிகூட நம்பவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆனால் கறிக்காகச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கறி வீட்டு நடையைத் தாண்டியதும் கூறு வைக்கிற முறையெல்லாம் அதோடு சரி. அகப்பை அப்பத்தா கையில். முதலில் அய்யாவுக்கு, பிறகு மகன்களுக்கு, பிறகு பேரன்களுக்கு. பண்டிகைக்கு வந்திருக்கும் அத்தைகள் இரண்டு பேரும் கடைசியில் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். ஈரல் துண்டுக்காக நாங்கள் அடித்துக்கொள்ளும்போது "ஓரவஞ்சனை பண்றியே அப்பத்தா" என்று கத்துவோம். அத்தைகள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

அய்யா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, யாரும் கேட்காவிட்டாலும் நகரத்தார் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் ஆனதும் அவரவர் கோயிலில் புள்ளியாகச் சேர்ந்துவிட வேண்டும். புள்ளி வரி என்றால் எல்லாருக்கும் ஒரே தொகை. பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்து வந்தவருக்கும் அதே, அந்தக் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்துவிட்டு வந்தவருக்கும் அதே. ஆஸ்தி வரி அப்படியில்லை, சொத்தைப் பார்த்துப் போடுவது.

"இதுல எது அய்யா ஞாயம்?"

"சாமி முன்னாடி எல்லாரும் ஒண்ணு, அதுக்குப் புள்ளி. கோபுரம் கட்டக் காசு வேணுமில்ல? அதுக்கு ஆஸ்தி."

இரண்டுமே ஞாயம் என்கிறாரா, இரண்டுமே தந்திரம் என்கிறாரா என்று அந்தச் சிரிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மெட்ராசில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பொங்கலுக்கு வந்தபோது, ஏதோ சிமெண்ட் கம்பெனியில் ஈக்விட்டி ஷேர் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் அந்தக் கம்பெனியில் நமக்கும் பங்கு உண்டு என்று விளக்கினார். அப்பத்தா விடவில்லை. "நம்ம பங்கு எந்தப் பக்கம்? வரப்பு போட்டிருக்கா?"

"வரப்பெல்லாம் கிடையாது ஆத்தா."

"அப்ப அது என்னடா பங்கு."

1989இல் பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது என்ற வரி வந்ததும் பெஞ்சில் இருந்த பலருக்கு மூச்சு வந்தது. "நம்ம வீட்டுல எல்லாத்தையும் கட்டிக்குடுத்தாச்சு" என்றார் ஒருவர். எங்கள் வீட்டிலும் அத்தைகள் இரண்டு பேருக்கும் அதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது.

ஆனால் கண்மாய்க்குக் கீழே இருந்த வயல் அய்யா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். 1956 சட்டப்படி அதில் அப்பத்தாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சரிபங்கு என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. அப்பத்தா தன் பங்கை மகன்களுக்கே விட்டுவிட்டாள். அத்தைகளும் அவரவர் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பேர். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று அப்பாவைக் கேட்டேன். "போய் டீ வாங்கிட்டு வாடா" என்றார்.

பத்திர ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் அத்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பட்டுச்சேலையும் ஒரு கவரும் மஞ்சள் பையில் இருந்தன. பெரிய அத்தை ஒன்றும் பேசாமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சின்ன அத்தை பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சேலை ரெண்டும் ஒரே விலைதானேண்ணே?"

"ஒரே விலைதான்."

"பில் இருக்கா?"