குளம்பு வளரும், லாடம் வளராது

மாட்டின் குளம்பும் மனிதனின் நகமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. இரண்டுமே நுனியில் வளர்வதில்லை. தோலோடு சேரும் இடத்தில் புதிதாக உருவாகி, பழையதை முன்னே தள்ளிக்கொண்டு வருகின்றன. மனிதனின் கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். மாட்டுக் குளம்பின் சுவர் மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். லாடம் அடிக்கும் தொழிலின் கணக்கெல்லாம் இந்த 5 மில்லிமீட்டரில்தான் அடங்கியிருக்கிறது. வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பின் மேல் வளராத இரும்பை ஆணியடித்துப் பொருத்துவதால், உரிய காலத்தில் அதைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மறுபடி அடித்தாக வேண்டும்.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ரஞ்சன்குடி. 17ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் கட்டிய கோட்டையால் ஊருக்குப் பெயர். 1751இல் ஆங்கிலேயரும் முகமது அலியும் ஒரு பக்கமும், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிப்பும் மறுபக்கமுமாக நின்ற வாலிகண்டபுரம் போர் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. படைகள் நடந்த பாதை இன்று நான்குவழித் தார்ச்சாலை. சாலையை விட்டு இறங்கினால் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடு. லாடம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை இந்த இரண்டு தரைகளும் சேர்ந்து காட்டிவிடுகின்றன.

கரிசலில் ஏர் ஓட்டும் மாட்டுக்கு லாடம் வேண்டியதில்லை. மண்ணில் நடக்கும்போது குளம்பு தேயும் அளவும் வளரும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நாகை, திருவாரூர்ப் பக்கத்து உம்பளச்சேரி மாடு சேற்று வயலிலேயே உழைக்கும் இனம். அதற்கும் லாடத்தோடு பெரிய உறவு இல்லை. வண்டி மாட்டின் பாடு வேறு. சுமையோடு தாரிலும் ஜல்லியிலும் நடக்கும்போது குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்கிறது. அடித்தோல் மெலிந்து, சின்னக் கல் பட்டாலும் மாடு காலைத் தாங்கி நடக்கத் தொடங்கும். வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் மணல் வண்டி இழுத்த மாடுகளானாலும், காட்டிலிருந்து சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறும் மாடுகளானாலும், இரும்பில்லாமல் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியாது.

மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஒரு காலுக்கு இரண்டு பாதி என்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு மொத்தம் எட்டு. குதிரை லாடம்போல வளைந்த கம்பியாக இல்லாமல், குளம்பின் பாதியை ஒட்டி வெட்டிய மெல்லிய இரும்புத் தகடாக இருக்கும். இரண்டு பாதிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. முன்னங்காலில் உள்பக்கப் பாதியும் பின்னங்காலில் வெளிப்பக்கப் பாதியும் பெரும்பாலும் சற்றுப் பெரிதாக இருக்கும். அதனால் கைதேர்ந்த லாடக்காரர் எட்டுத் தகடுகளையும் ஒன்றுபோல எடுத்து வைப்பதில்லை. ஒவ்வொன்றையும் அதற்குரிய பாதியில் வைத்துப் பார்த்து, விளிம்பைத் தட்டிச் சரிசெய்கிறார்.

வேலை மாட்டைச் சாய்ப்பதில் தொடங்குகிறது. வயிறு நிறைய மேய்ந்து வந்த மாட்டை உடனே படுக்க வைக்கக் கூடாது. இரைப்பையில் வாயு சேர்ந்து வயிறு உப்பினால் நுரையீரலை அழுத்தும். கல்லில்லாத மண்தரையாகப் பார்த்து, உடம்பிலும் கால்களிலும் கயிற்றைச் சுற்றி, இருவர் மூவராக இழுத்து மெல்லச் சாய்க்கிறார்கள். ஒருவர் தலையைத் தரையோடு சேர்த்துப் பிடிக்க, நான்கு கால்களும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. “மூக்கணாங்கயித்த மட்டும் விட்டுறாதீங்கண்ணே” என்று மாட்டுக்காரரிடம் சொல்லியபடியே லாடக்காரர் குளம்புக்கு நேரே குந்துகிறார். இனி அவர் காட்டும் வேகம் மாட்டின் மேல் உள்ள அக்கறையிலிருந்து வருவது. எவ்வளவு சீக்கிரம் எழுப்பி விடுகிறாரோ அவ்வளவு நல்லது.

முதலில் பழைய லாடம் கழல வேண்டும். வெளியே மடிந்திருக்கும் ஆணி முனைகளை உளியால் நிமிர்த்திவிட்டு, தகட்டைக் குறடால் நெம்பி எடுக்கிறார். அப்படியே இழுத்தால் ஆணியோடு குளம்பின் சுவரும் பிய்ந்து வரும். பிறகு சீவல். அடியில் ஒட்டிய சாணமும் மண்ணும் போனதும் உள்ளே சாம்பல் நிறத்தில் உலர்ந்த பகுதி தெரியும். கத்தி அதைச் செதில் செதிலாக எடுக்கிறது. வெளிறி, ஈரப்பசையோடு பளபளக்கும் பகுதி வந்ததும் கை நின்றுவிட வேண்டும். கட்டை விரலால் அடியை அழுத்திப் பார்க்கிறார். அமுங்கினால் இனி ஒரு சீவலும் கூடாது. அதற்குக் கீழே இருப்பது உயிருள்ள சதை. முன்நுனி நீண்டிருந்தால் வெட்டிக் குறைத்து, இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் தரையைத் தொடுமாறு அரத்தால் தேய்க்கிறார். லாடம் எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும், சீவிய தளம் சமமாக இல்லையென்றால் சுமை ஒரு பக்கமே இறங்கி மூட்டைக் கெடுக்கும்.

அதன்பின் ஆணி. தகட்டைச் சூடாக்காமலே வைத்து, வெளி ஓரத்தில் மட்டும் அடிக்கிறார்கள். உள்பக்கச் சுவர் மெல்லியது. அங்கே ஆணி இறங்க இடமில்லை. வெளிப்பக்கச் சுவரின் கனம்கூட அரை அங்குலம் வராது. அந்தக் கனத்துக்குள் ஆணி நுழைந்து, சதையைத் தொடாமல் வெளிப்பக்கம் வளைந்து, குளம்பின் மேல் தலைகாட்ட வேண்டும். நுனியில் ஒரு பக்கச் சரிவு இருப்பதால் ஆணி வெளியே சாய்ந்து வருகிறது. மீதியைக் காதும் கையும் பார்த்துக்கொள்கின்றன. கெட்டியான கொம்புப் பகுதியில் இறங்கும் ஆணி ஒவ்வொரு அடிக்கும் எதிர்த்து நின்று கணீரென்று ஒலிக்கும். ஓசை மங்கி, ஆணி சுலபமாக உள்ளே போனால், தவறான இடத்துக்குப் போகிறது என்று பொருள். உடனே பிடுங்கிவிட வேண்டும். சரியாக வந்த முனையைத் திருகி முறித்து, மிச்சத்தைச் சுவரோடு மடித்துத் தட்டினால் வேலை முடிந்தது.

அன்றிலிருந்தே வளர்ச்சி தன் வேலையைத் தொடங்குகிறது. லாடம் தேய்வைத் தடுத்துவிட்டதால் வளர்ந்த குளம்பு குறைய வழியில்லை. முன்நுனி நீள்கிறது, கோணம் தளர்கிறது, உடல் பாரம் குதிகாலுக்குப் பின்வாங்குகிறது. ஆணிகள் இருக்கும் சுவர்ப்பகுதியே கீழே இறங்குவதால் ஆணித் துளைகளும் விளிம்பை நெருங்குகின்றன. மழைக்காலத்தில் குளம்பு ஈரம் குடித்து மென்மையானால் ஆணிப்பிடி இன்னும் தளரும். தகட்டுக்கும் குளம்புக்கும் நடுவே விழும் இடைவெளியில் சிறுகல் புகுந்தால் மாடு நொண்டும்.

ஆகவே வண்டி மாட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் லாடத்தை மாற்றுவதே சரி. தார்ச்சாலையில் தினமும் ஓடும் மாட்டுக்கு அதற்குள் இரும்பே தேய்ந்துவிடும். குறைவாக ஓடும் மாட்டின் லாடம் புதிதுபோலவே இருக்கும்; ஆபத்து அதிகம் அங்கேதான். இரும்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் குளம்பு கோணிவிடும். நடக்கும்போது தகடு கடகடவென்று ஆடுவது, மடித்த ஆணி முனைகள் வெளியே துருத்துவது, குளம்பின் நுனி தகட்டைத் தாண்டி வளர்ந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நகரத்து அழகு நிலையங்களில் செயற்கை நகம் ஒட்டிக்கொள்வோர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செல்வதும் இதே காரணத்தால்தான். அடியில் வளரும் இயற்கை நகம் செயற்கை நகத்தை முன்னே தள்ளிவிடும். பின்னால் இடைவெளி விழும். ஒட்டு தளர்ந்த இடத்தில் ஈரம் தங்கினால் கிருமி வளரும். குதிரைக்கு லாடம் மாற்றும் காலம் பொதுவாக 6 முதல் 8 வாரம். பொருளும் பயனும் மாறினாலும், தவணையை நிர்ணயிப்பது வளர்ச்சியே.

குளம்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது மாட்டின் உடல்நலக் குறிப்பேடு. கோமாரி கண்ட மாட்டுக்குக் குளம்பும் தோலும் சேரும் இடம் புண்ணாகி, அங்கே கொம்பு உருவாவது கொஞ்ச நாள் தடைபடும். அந்தத் தடம் குறுக்குக் கோடாகப் பதிந்து வளர்ச்சியோடு இறங்கிவரும். கோடு 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் நோய் வந்து சுமார் நான்கு மாதம் ஆகியிருக்கும். அந்த இடம் விளிம்பை அடையும்வரை சுவர் அங்கே பலவீனமாக இருக்கும் என்பதால், ஆணியை விலக்கி அடிக்க வேண்டும்.

ஆணி சதையில் ஏறிவிட்டால் மாடு அன்றோ மறுநாளோ காலை ஊன்றாது. ஆணியை எடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. சூடு போடுவதும், கண்டதை ஊற்றி அடைப்பதும் சீழை உள்ளேயே தங்கவைக்கும்.

இந்த நுணுக்கமெல்லாம் எந்தச் சான்றிதழும் இல்லாமல் தந்தையிடமிருந்தும் தொழில் தெரிந்த உறவினரிடமிருந்தும் வந்தவை. லாடக்காரர் சாக்குப் பையில் சுத்தியல், குறடு, உளி, கத்தி, அரம், ஆணி டப்பா ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். சந்தை நாளில் மணப்பாறைபோன்ற இடங்களில் வேலை சேர்ந்து கிடைக்கும். மற்ற நாளில் அழைப்பு வந்தால்தான் உண்டு. உதை வாங்கிய தழும்பும், குந்தியே இருந்து போன இடுப்பும் இந்தத் தொழிலில் சாதாரணம். வேலையும் சுருங்கி வருகிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 6.79 கோடியாக இருந்த காளையினம் 2019இல் சுமார் 4.74 கோடியானது. டிராக்டர் வந்த ஊரில் முதலில் குறைவது எருது, அடுத்துக் குறைவது லாடக்காரர்.

இழுவை மாடுகளின் நலனுக்குச் சட்டம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதையும், இடைவெளியின்றி 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதையும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டுவதையும் தடுக்கின்றன. பெங்களூரு ஐஐஎம்-இன் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியை நவீனமாக்க நெடுங்காலம் பாடுபட்டார். ராணுவம் தன் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர்களை மீரட்டில் முறையாகப் பயிற்றுவிக்கிறது. ஊர் மாட்டுக்கு லாடம் அடிப்பவருக்கும் அத்தகைய பயிற்சி கிடைக்க வேண்டும். கால்நடை மருந்தகங்கள் நடத்தும் முகாம்களில் அவரையும் ஒரு கைத்தொழிலாளராக உட்கார வைத்து, குளம்பின் உடற்கூறும் காயப் பராமரிப்பும் சொல்லித்தந்தால், அவருடைய கைப்பழக்கம் மருத்துவரின் அறிவோடு சேரும்.

மாடு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. லாடம் அடித்த தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் ஆனதும், இரும்பு தேய்ந்திருந்தாலும் தேயாவிட்டாலும், லாடக்காரரை அழைத்துக் கழற்றிச் சீவி மாற்றுங்கள். வண்டி ஓடாத காலத்தில் லாடத்தை எடுத்துவிட்டு, குளம்பை மண்ணில் பட விடுங்கள்.