திண்டுக்கல்லில் ஒரு வீடு வாங்கலாமா?

திண்டுக்கல் மலையைப் பார்த்தால் சாய்ந்து கொள்ளலாமா என்று தோன்றும். அப்படியே ஒரு திண்டு! ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்கிறார்கள்.

மலைமேல் இருக்கும் கோட்டை மதுரை நாயக்கர்கள் கட்டியது. 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். 1792-ல் கும்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டைக்கே இத்தனை குடிகள் மாறியிருக்கும்போது கீழே உள்ள வீடுகளைப் பற்றிக் கேட்பானேன்!

படியேறிப் போய் நின்று பாருங்கள். நடுவே பழைய ஊர். அதைத் தாண்டி மதுரைச் சாலை, பழநிச் சாலை, திருச்சிச் சாலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வீடுகள். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று, 2014-ல் மாநகராட்சி. அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. உத்தியோகஸ்தர்கள் வந்தால் வீடு வேண்டாமா? மனை விலை ஏறாமல் என்ன செய்யும்?

"நகையை வைத்தாவது ஒரு தனி வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால், கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாமே!" இது நம் வீட்டுப் பெண்மணிகள் பலருடைய ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் பென்சிலும் காகிதமும் எடுத்துக் கொள்ளுங்கள்.

வீட்டின் விலை 60 லட்சம், வாடகை மாதம் 12,000 என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. அதாவது நூற்றுக்கு இரண்டரை ரூபாய்கூடத் தேறவில்லை. வீட்டு வரியும் வெள்ளையடிப்பதும் இதற்குள்ளேதான். 40 லட்சம் கடன் என்றால், எட்டரை வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 34,700. வாடகை போக 22,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். விலை ஏறுகிற வேகத்தில் வாடகை ஏறுவதில்லை. இதுதான் சூட்சுமம்.

இந்தப் பக்கத்தில் 'ஒத்தி' என்றும் ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முதலைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தைப் போட்டு இன்னொரு வீடு வாங்குகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே மாதத்தில் காலி செய்தால் சாமர்த்தியம் எங்கே போகும்? ஒத்திக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரத்தைப் பதிவு செய்யாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

வீட்டைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் ஊருக்குக் குடிநீர் தருகிறது. மழை பொய்த்தால் அதுவும் வற்றும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீர் கெட்டுப் போயிருக்கிறது. கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் நல்ல குடித்தனம் நிலைக்காது. பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் மூன்றையும் கேளுங்கள்.

குடி வைத்த பிறகும் வாய்ப் பேச்சு உதவாது. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக ஒப்புக் கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? கடனில்லாத கைப்பணம் இருந்து, பத்து வருஷம் பொறுக்கும் மனமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அடுத்த வருஷமே விலை ஏறும் என்று பூட்டிப் போட மட்டும் வாங்காதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுத்தான். ஆனாலும் பூட்டிய வீட்டுக்குள் கரையான் புகுவதை அதனால் தடுக்க முடியாது!