டெல்லி எவ்வளவு தூரம்?

போன வாரம் பேத்தி பள்ளிக்கூட வேலையாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "தாத்தா, சென்னையிலேருந்து டெல்லி எவ்ளோ தூரம்?" என்றாள். ரயிலில் போனால் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

எங்கள் காலத்தில் யாரும் கிலோமீட்டர் கணக்குச் சொன்னதில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, ஒரு பகல். அவ்வளவுதான். சாயங்காலம் புதுடெல்லியில் ஏறினால் விடிந்த பிறகு போபால், இடார்சி. நாக்பூர் வந்தால் ஆரஞ்சுப் பழம். பல்லார்ஷா தாண்டினால் பாதி ஊர் வந்துவிட்ட மாதிரி. நடுராத்திரி விஜயவாடாவில் யாரோ நம் காலை மிதித்துக்கொண்டு ஏறுவார்கள். விடிந்தால் மெட்ராஸ் சென்ட்ரல்.

1977-இல் ஒரு வெள்ளிக்கிழமை. மத்திய செயலகத்தில் வேலையில் இருந்தபோது நாலரை மணிக்குத் தந்தி வந்தது. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முந்தின வருஷம்தான் விட்டிருந்தார்கள். அது தினமும் கிடையாது. ஜி.டி.தான் கதி. பக்கத்து மேஜை நண்பர் பையிலிருந்த பணத்தை எடுத்து என் கையில் திணித்து, "நேரா ஸ்டேஷனுக்குப் போய்யா" என்றார். ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் நாலைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

நான் கரோல்பாக் அறைக்குப் போனேன். இரண்டு சட்டை, ஒரு வேட்டி எடுக்க. பெட்டியில் அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளி சால்வை வேறு இருந்தது. திரும்பும்போது பஹாட்கஞ்சில் பஸ் நகரவேயில்லை. இறங்கி ஓடினேன். பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அதே வண்டி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டி, கக்கூஸ் பக்கத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்தேன். திங்கள் காலை சென்ட்ரல். பாரிமுனையில் பஸ் பிடித்துக் கும்பகோணம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் இறங்கும்போது மத்தியானம் மூன்றரை.

தெருவில் யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. அப்பா சனிக்கிழமை ராத்திரியே போய்விட்டார். இப்போது மாதிரி ஐஸ் பெட்டியெல்லாம் அப்போது ஏது? ஞாயிறு சாயங்காலம் நாலு மணி வரை எனக்காக வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். மூத்தவன் செய்ய வேண்டியதைத் தம்பி செய்தான்.

வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறியிருந்தால் ஞாயிறு மூன்றரைக்கு அதே வாசலில் நின்றிருப்பேன். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா என் தலையைத் தடவி, "அம்புட்டுத் தூரத்துல இருக்கே. நீ என்னடா பண்ணுவே" என்றாள். வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா பத்தொன்பது வருஷம் இருந்தாள். ஒருநாளும் சொல்லவில்லை. சால்வையைத் தம்பிதான் ரொம்ப நாள் போர்த்திக்கொண்டிருந்தான்.

பேத்தி 2,180 என்று எழுதிக்கொண்டாள். "போக எவ்ளோ நேரம் ஆகும் தாத்தா?"

"தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்னா முப்பத்து மூணு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பிளேன்னா மூணு மணிக்குள்ள" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.