மக்காததை மறைத்தேன்

கம்போஸ்ட் விற்றுப் பிழைக்கிறவன் நான். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் எரு வாங்கி, தென்னை நார்க்கழிவோடு கலந்து குவியல் போட்டு, மக்கியதும் சலித்து மூட்டை பிடிக்கிறேன். மூட்டையின் மேல் ‘நஞ்சில்லா இயற்கை உரம்’ என்று அச்சடித்திருந்தேன். அது பொய். தெரியாமல் சொன்ன பொய்யாக மட்டும் இருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. தெரிந்த பிறகும் அதே அச்சுதான் ஓடியது.

தொடக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது நிஜம். குவியலின் நடுவில் சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும். அந்தச் சூட்டை விடாமல் காத்து, அடிக்கடி புரட்டிப் போட்டால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும், களை விதை முளைக்காது, நாற்றம் அடங்கும். பச்சை எருவை வயலில் கொட்டுவதைவிட மக்கிய எரு எவ்வளவோ மேல். இவை எல்லாம் உண்மை. இந்த உண்மைகளைச் சொல்லிச் சொல்லியே மற்றதை மறைத்தேன்.

மற்றது என்ன? முட்டைக்கோழித் தீவனத்தில் தாதுக்கலவையோடு துத்தநாகம் சேர்கிறது. தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பவர்களும் உண்டு. அதில் இருப்பது தாமிரம். கோழியின் உடம்பு இவற்றில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி எச்சத்தோடு வந்துவிடும். குவியல் மக்க மக்கக் கரிமப்பொருள் வாயுவாகப் போய் எடை குறைகிறது. உலோகம் எங்கேயும் போவதில்லை. ஆகவே, நன்றாக மக்கிய எருவில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, பச்சை எருவில் இருந்ததைவிட ஏறித்தான் நிற்கும். மாவு போல உதிர்கிறது பாருங்கள் என்று நான் கையில் அள்ளிக் காட்டிய சரக்கில்தான் உலோகம் செறிந்திருந்தது.

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை கம்போஸ்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கிலோவுக்குத் துத்தநாகம் 1000 மில்லிகிராம், தாமிரம் 300, காரீயம் 100, காட்மியம் 5. ஒரு முறை நான் கொடுத்த மாதிரியில் துத்தநாகம் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த ரிப்போர்ட்டை மடித்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அதே குவியலில் இன்னும் நார்க்கழிவைக் கொட்டிப் புரட்டச் சொல்லி, வேறு மாதிரி எடுத்து அனுப்பினேன். தேறிவிட்டது. லோடு கிளம்பியது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனை வாய் கிழியத் திட்டுகிறவன்தான் நானும். குவியலில் இருந்த உலோகத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதிக மூட்டைகளில் பிரிந்து போனது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆடிப்பட்டம் நெருங்கினால் வண்டியோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்போது புரட்டலைக் குறைத்தேன். குவியலின் ஓரத்து எரு சூட்டையே காணாமல் சல்லடைக்குப் போயிருக்கிறது.

கால்நடை மருத்துவம் படித்த என் அக்கா மகள் ஒரு நாள் களத்தில் நின்றுகொண்டு கேட்டாள்: “மாமா, மருந்துக்குத் தப்பிக்கற ஜீன் இதுல எவ்வளவு இருக்குதுன்னு எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?” கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சூட்டில் அழிந்துவிடுமே என்றேன். “மருந்து அழியலாம் மாமா. துத்தநாகம் அழியுமா? அது இருக்கற வரைக்கும் அந்த ஜீனுக்கு வேலை இருக்குது” என்றாள்.

அவள் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். தாமிரமும் துத்தநாகமும் அளவுக்கு மீறினால் பாக்டீரியாவுக்கும் நஞ்சு. அதைத் தாங்கும் மரபணு உள்ளவை பிழைக்கும். பல நேரங்களில் அந்த மரபணுவும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்மிட் என்பது ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடக்கூடிய மரபணு வளையம். சில பாக்டீரியாக்களில் உலோகத்தை வெளியே தள்ளும் பம்ப்பே மருந்தையும் தள்ளிவிடும். ஆக, மருந்தே இல்லாத இடத்திலும் உலோகம் அந்த எதிர்ப்பைக் கட்டிக் காக்கிறது. சரியாகச் சூடேறிய குவியலில் இப்படிப்பட்ட மரபணுக்களில் பல குறைகின்றன. ஆனால் சல்ஃபா மருந்துகளை எதிர்க்கும் மரபணு போன்ற சில, சூடு தணிந்த பின் மறுபடி தலைதூக்குகின்றன.

டென்மார்க்கில் பன்றிப் பண்ணைகளில் இது நடந்திருக்கிறது. வான்கோமைசின் வகையைச் சேர்ந்த அவோபார்சின் என்ற தீவன மருந்தை 1995-லேயே தடை செய்தார்கள். அப்படியும் வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் பாக்டீரியா பன்றிகளை விட்டுப் போகவில்லை. டைலோசின் என்ற இன்னொரு மருந்தின் புழக்கம் அதற்கு ஒரு காரணம். அந்த எதிர்ப்பு மரபணுக்கள் இருந்த அதே பிளாஸ்மிடில் தாமிரத்தைத் தாங்கும் மரபணுவும் இருப்பது பின்னால் தெரிந்தது. பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. நம் நாட்டிலும் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க 2019-இல் தடை வந்தது. தடை வந்தாயிற்று, இனி என் எருவில் குறை இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் அப்படியே இருந்தன.

இவ்வளவு கேட்ட பிறகும் நான் திருந்திவிடவில்லை. கொத்தமல்லியும் வெங்காயத்தழையும் போடுகிற ஒரு அக்கா வந்து, “ஏனுங்க, பச்சையாவே திங்கற தழைக்கு இதப் போடலாங்களா?” என்று கேட்டார். “தாராளமாப் போடுங்கக்கா, நல்லா மக்கினது” என்றேன். கூசாமல் சொன்னேன். அந்த லோடுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.

இதற்கு அறியாமையைச் சாக்காகச் சொல்ல முடியாது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் எதிர்ப்பு மரபணுவுக்கு வரம்பு இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியம்தான் காரணம். சட்டம் கேட்காததை நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இயற்கை விவசாயம் என்று நம்பி வந்தவர்களிடம் அந்த நம்பிக்கையையே விற்றுக் காசாக்கினேன்.

இப்போது மூட்டையில் இருந்த ‘நஞ்சில்லா’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தீவனத்தில் என்ன கலக்கிறார்கள் என்று சொல்லாத பண்ணையில் எரு எடுப்பதில்லை. கலப்பதற்கு முன்பே எருவைச் சோதனைக்கு அனுப்புகிறேன். பச்சையாகத் தின்னும் பயிருக்கு என் உரம் வேண்டாம் என்று நானே சொல்கிறேன். இதனால் பழைய லோடுகள் வயலை விட்டுத் திரும்பிவிடாது. மண்ணில் சேர்ந்த உலோகத்தைத் திரும்ப எடுக்க எனக்கு வழி இல்லை.

கோழி எரு உரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மக்கிவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பண்ணை எரு, அங்கே என்ன தீவனம், ரிப்போர்ட் எந்தக் குவியலுடையது என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கண்ணால் பாருங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவனிடம், அது நானாகவே இருந்தாலும், வாங்காதீர்கள்.