இது யாருடையது?

சனிக்கிழமை காலை என்றாலே எங்கள் விடுதியில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். சிற்றுண்டி முடிந்ததும் விடுதிச் சகோதரி கையில் ஒரு பெரிய பிரப்பங்கூடையுடன் படுக்கைக் கூடத்துக்குள் நுழைவார்கள். நாங்கள் அனைவரும் வெளித் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒருத்தியும் அசையக் கூடாது. எதையும் எடுக்கவோ வைக்கவோ கூடாது. கட்டிலுக்கு அடியிலும் சன்னல் மாடத்திலும் அகப்படும் ஒவ்வொரு பொருளையும் சகோதரி வாசலில் நின்று தூக்கிக் காட்டி, "இது யாருதும்மா?" என்று கேட்பார்கள். "என்னுது சிஸ்டர்" என்று ஒருத்தி கை தூக்கினால் அது அவளிடம் திரும்பிவிடும். மூன்று முறை கேட்டும் கை எழவில்லை என்றால் கூடைக்குள் போய்விடும்.

அது உருப்படியான பொருளா, அதனால் உனக்கு என்ன பயன் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. யாருடையது என்பது ஒன்றே கேள்வி. பல் உதிர்ந்த சீப்பு, காலியான பவுடர் டப்பா, ஒற்றைக் காதணி ஆகியவற்றுக்கெல்லாம் கை தூக்கியவர்களுள் நானும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் என் டிரங்குப் பெட்டியை மூட முடியாமல் போயிற்று. வீட்டுக்குக் கடிதம் எழுதி, அப்பாவைப் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார்கள். அதுவும் நிரம்பியது.

மலருக்கு எழுதும்படி பள்ளியிலிருந்து கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெட்டிதான். ஏனெனில் இன்று நான் செய்யும் வேலையே ஒரு வகையில் அந்தச் சனிக்கிழமைக் காரியந்தான். பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளில், பல நூறு பேர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தாங்கி நிற்பவற்றை அப்ளிகேஷன் சர்வர் என்பார்கள். அவற்றுள் பல, 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. நிரல் ஓடும்போது கணந்தோறும் புதுப்புதுத் தகவல் பொட்டலங்களை நினைவகத்தில் உண்டாக்கும். ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு பட்டியல் என்று வந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை அகற்றாவிட்டால் இடம் நிரம்பிவிடும் அல்லவா? ஜாவாவில் அந்த வேலையை நிரல் எழுதுகிறவர் செய்வதில்லை, ஜே.வி.எம். எனப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரமே குப்பை கூட்டிக்கொள்ளும்.

இந்த முறையை முதலில் வகுத்தவர் ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர். லிஸ்ப் என்ற மொழிக்காக அவர் அமைத்த இம்முறை 1960 இல் ஒரு கட்டுரையில் வெளியாயிற்று. நண்பர்களுக்குள் அதைக் குப்பை கூட்டுதல் என்றே சொல்லி வந்தார்களாம். ஆனால் கட்டுரையில் அச்சொல்லை எழுத அவருக்குத் துணிவு வரவில்லை. எழுதியிருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் இலக்கணம் திருத்தும் பெண்மணிகள் விட்டிருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் ஒரு குறிப்பில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். (நம் தமிழாசிரியைகளும் விட்டிருக்க மாட்டார்கள்.) அதைவிடச் சுவையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. லிஸ்ப் மொழியைப் பெரியவர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று தட்டச்சுப் பொறி தானே தட்டத் தொடங்கியது. குப்பை கூட்டுபவர் அழைக்கப்பட்டிருக்கிறார் என்றும், அது பற்றிய கணக்கு இன்னின்ன என்றும் வினாடிக்குப் பத்தெழுத்து வீதம் ஆற அமரத் தட்டிக்கொண்டே போயிற்று. குறித்த நேரம் அதிலேயே கழிந்தது. கூட்டத்தினரால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

ஜே.வி.எம். எப்படிக் கூட்டுகிறது என்பதைக் கேட்டால், இப்பள்ளியில் படித்தவர்களுக்குப் புன்னகை வரும். புதிதாகப் பிறக்கும் பொருள்களெல்லாம் முதலில் வைக்கப்படும் இடத்துக்குப் பெயர் ஏதேன்! நான் கற்பனை செய்யவில்லை. ஜாவா ஆவணங்களிலேயே அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலான பொருள்கள் பிறந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப் போகும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. 1984 இல் டேவிட் அங்கர் என்பவர் எழுதிய கட்டுரை இதை நன்கு நிறுவியது. ஆகவே ஏதேன் நிரம்பியதும், இன்னும் யாரேனும் பிடித்திருக்கும் சிலவற்றை மட்டும் பிழைத்தவர்களுக்கான சிறு பகுதிக்கு மாற்றிவிட்டு, மற்றதை ஒரேயடியாகத் துடைத்துவிடும். இப்படிப் பல முறை தப்பிப் பிழைத்தவை, அதிகம் போனால் 15 முறை, பிறகு முதியோர் பகுதிக்குப் போய்ச் சேரும்.

ஏதேனைத் துடைப்பது, படிப்பறையில் பென்சில் சீவலைக் கூட்டுவது போல, நொடியில் முடியும். முதியோர் பகுதியும் நிரம்பிவிட்டால்தான் சனிக்கிழமை. அப்போது நிரலின் எல்லா வேலையும் நிறுத்தப்படும். யோசுவா கதிரவனை நிற்கச் சொன்னது போல எல்லாம் அப்படியே நிற்கும். ஆங்கிலத்திலும் இதற்கு உலகை நிறுத்துதல் என்றுதான் பெயர். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் அதே கேள்வி: இது யாருடையது? ஓடுகிற நிரலிலிருந்து கைக்குக் கை பிடித்துக்கொண்டு போனால் எட்டக்கூடியது எதுவோ அது தங்கும். எட்டாதது கூடைக்குப் போகும். பயன் உண்டா என்று இயந்திரமும் கேட்பதில்லை.

2016 ஆம் ஆண்டு ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துச் சீட்டு நிரலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. வார்டில் செவிலியர் கணிப்பொறியில் பதிவது, அந்த சர்வர் வழியாகக் கீழ்த்தளத்து மருந்தகத்துக்குப் போகும். அதன் ஹீப், அதாவது பொருள்களுக்கான நினைவக இடம், 8 ஜி.பி. இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு ஏழெட்டு வினாடி நின்று நின்று போகும். இரவில் ஒருவர் எழுந்து அதை நிறுத்தி மறுபடி ஓட்டுவார். இந்த வழக்கம் மாதக் கணக்கில் நடந்து வந்தது. என்னைக் கேட்டார்கள். நான் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இடம் பத்தலை, அதான். 24 கொடுத்துடலாம்" என்றேன். ஒரு வரி மாற்றம். இரண்டு நிமிட வேலை.

ஆறு நாட்கள் சர்வர் எங்கும் நிற்கவில்லை. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். சர்வர் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் ஓய்ந்தது.

மருத்துவர்கள் வார்டுகளைச் சுற்றி முடித்து, சீட்டுகள் குவியும் முற்பகல் வேளை. அந்த நேரம் பார்த்து சர்வர் 41 வினாடி நின்றது. எழுந்தது, சில நிமிடங்களில் மறுபடியும் நின்றது. 41 வினாடி என்றால் கேட்பதற்குச் சிறியதாக இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்று பாருங்கள். அதிலும் பின்னால் நோயாளியின் மகன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! செவிலியர்கள் மறுபடியும் அழுத்தினார்கள். முதல் அழுத்தம் தொலைந்து போயிருக்கவில்லை, வரிசையில் காத்திருந்தது. சர்வர் விழித்ததும் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. முதியவர் ஒருவருக்கு இன்சுலின் இரண்டு முறை பதிவாயிற்று. மருந்தகத்தில் இருந்த அம்மாள், ஒரே நோயாளிக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு சீட்டு வந்ததைக் கண்டு ஐயுற்று வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டார். அதனால் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று மாலையே, இருமுறை அழுத்தியதற்கு விளக்கம் கேட்டு அந்தச் செவிலியருக்கு மெமோ போயிற்று.

அந்தச் செய்தி எனக்கு வந்தபோது பதிவேடு என் முன்னால் திறந்திருந்தது. முதியோர் பகுதி கூட்டுவதற்கு முன் 16 ஜி.பி.; கூட்டிய பின் 15.7. பிடித்தபின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பது பெரிதல்ல, கூட்டிய பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நலமான சர்வரில் அந்த மிச்சம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இங்கோ அது படிப்படியாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. எங்கோ ஒரு கை எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. குப்பை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த நிறுத்தம் நீளுவதில்லை. பிடித்து வைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து ஒழுங்குபடுத்தத்தான் நேரம் ஆகிறது. 8 ஜி.பி.யில் ஏழெட்டு வினாடியாக இருந்த துன்பத்தை நான்தான் பெரிய பெட்டி கொடுத்து 41 வினாடியாக வளர்த்திருந்தேன்.

தெரிந்தும் அன்று நான் வாய் திறக்கவில்லை. இரண்டு முறை அழுத்தியது அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு விடுதிச் சிற்றாலயத்தில் விளக்கைத் தணித்துவிட்டு ஆன்ம சோதனைக்காக ஐந்து நிமிடம் அமர்வோமே, அப்போதெல்லாம் நான் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை, 24 ஜி.பி. வைத்தது நான், பதிவேட்டைப் பாராமல் வைத்தேன், நிறுத்தம் நீண்டதற்கு அதுவே காரணம் என்று எண்களோடு எழுதி, மருத்துவமனைக்கும் நகல் அனுப்பும்படி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் முகம் சுளித்தார். "இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு எழுதணுமா?" என்றார். எழுத வேண்டும் என்றேன். அனுப்பினார். அவ்வாண்டு எனக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. இந்தக் கடிதந்தான் காரணமா என்று நான் கேட்கவுமில்லை.

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவகம் முழுவதையும் படம் பிடித்தது போல ஒரு கோப்பாக எடுத்து, எக்ளிப்ஸ் மெமரி அனலைசர் என்ற கருவியில் திறந்தோம். திறக்கவே ஓர் இரவு ஆயிற்று. யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று அது காட்டும். ஒரே ஓர் அட்டவணை! வார்டில் யாராவது உள்நுழையும்போதெல்லாம் அவருக்குரிய நோயாளிகள் பட்டியலை அதில் போட்டு வைத்திருந்தார்கள், அடுத்த முறை விரைவாகக் கிடைக்கட்டும் என்று. அவர் வெளியேறிய பின் அதை எடுத்துவிட யாரும் எழுதவில்லை. பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்ட செவிலியர்கள் அத்தனை பேருடைய பட்டியல்களும் அங்கே கை தூக்கிக்கொண்டு நின்றன. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எடுத்துவிடுவதற்கு இரண்டு வரி சேர்த்தோம். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதபடியும் செய்தோம். உண்மையில் இது முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டியது.

அதன்பின் கூட்டியபின் மிஞ்சும் அளவு 900 எம்.பி.க்கு அருகில் நின்றுவிட்டது. ஹீப்பை 4 ஜி.பி.யாகக் குறைத்தேன், முதலில் இருந்ததிலும் பாதி. ஜி-1 என்ற கூட்டும் முறைக்கும் மாற்றினேன். அது பெருங்கூடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, குப்பை மிகுந்த கட்டங்களை முதலில் கூட்டும். ஒரு நிறுத்தம் 200 மில்லிவினாடியைத் தாண்டக் கூடாது என்பது அதற்குரிய இலக்கு. 2017 இல் வந்த ஜாவா 9 முதல் பொதுவாக அதுவே வழக்கத்துக்கு வந்துவிட்டது. நிறுத்தத்தை ஒரு மில்லிவினாடிக்கும் கீழே கொண்டுபோகும் இசட்.ஜி.சி. போன்றவையும் பின்னர் வந்துவிட்டன. ஆனால் எந்த முறையும், கை தூக்கி நிற்பதைக் கூடையில் போடாது.

மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று அறிந்து, ஒரு நாள் அந்த வார்டுக்குப் போனேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட செவிலியர். அவரையும் "சிஸ்டர்" என்றே அழைக்க வேண்டியிருந்ததால் நான் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணாகவே ஆகிவிட்டேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். ஊசி மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"இப்ப நிக்கறதில்லையாம்மா?"

"நிக்காது சிஸ்டர்."

"ம்... அது சரி. இந்தப் பிரிண்டரு ரெண்டு நாளா பேப்பரை மென்னு மென்னு துப்புது. வந்ததுதான் வந்தீங்க, அதையும் பாத்துட்டுப் போயிடுங்க."

அது என் துறையன்று. ஆயினும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதன் மூடியைத் திறந்தேன்.